நார்ட்டன் கமாண்டோவின் எஞ்சின் அதிர்வு

1967 இல் அறிமுகமான பிரித்தானிய மோட்டார் சைக்கிளான நார்ட்டன் கமாண்டோவில் இரு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும். அதனால் அதிர்வு மிகுதி. அது ஓட்டுபவரை எட்டாதிருக்க எஞ்சின், கியர்பெட்டி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றும் ஒரே தொகுதியாக 'ஐசோலாஸ்டிக்' எனும் ரப்பர் தாங்கிகளில் பொருத்தப்பட்டன.

வண்டி நிற்கும்போது எஞ்சின் குலுங்குவது பழுதன்று. நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்றுகளைக் கடந்தும் கைப்பிடி அதிர்ந்தால் தாங்கியின் பக்கவாட்டு இடைவெளி குறைந்திருக்கலாம், துருவேறி இறுகியிருக்கலாம், ரப்பர் நைந்திருக்கலாம். இடைவெளி கூடுவதே அதிக ஆபத்து: அதிர்வு தெரியாது, ஆனால் வளைவில் பின்சக்கரம் அலையும். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கையில் தெரியும். ஃபீலர் கேஜில் சுமார் 0.25 மி.மீ. காட்ட வேண்டும். பழைய வண்டிகளில் இதற்கு ஷிம் தகடுகளை மாற்ற வேண்டும், பொறுமையைச் சோதிக்கும் வேலை. 1975 இன் மார்க் 3 இல் திருகினாலே போதும்.