எரிகல் தடங்களில் மேல்வானக் காற்று

தரையிலிருந்து 80 முதல் 100 கிலோமீட்டர் வரை உயரமுள்ள வளிமண்டலப் பகுதி, பலூன்களுக்கு எட்டாத உயரத்திலும் செயற்கைக்கோள்கள் நிலைத்துச் சுற்ற இயலாத தாழ்விலும் இருப்பதால், நெடுங்காலம் அளவீடுகளுக்கு அகப்படாமலே இருந்தது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்கி-அப்பாச்சி ராக்கெட் அந்திவானில் சோடியம் ஆவியை உமிழ்ந்தது, அம்முகில் நகரும் போக்கைக் கொண்டு மேல்வானக் காற்றை அறிவதற்காகவே. ஆனால் ஒரு ராக்கெட் ஓர் அந்திப்பொழுதின் காற்றை மட்டுமே காட்டும். 2004இல் அதே தும்பாவில் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் இயக்கத் தொடங்கிய எரிகல் ரேடாரோ, இரவு பகல், மழை மேகம் என்ற வேறுபாடின்றி அக்காற்றை அளக்க வல்லது.

ராக்கெட் சுமந்து சென்ற ஆவியின் பணியை இங்கே விண்ணிலிருந்து விழும் தூசுகள் செய்கின்றன. பெரும்பாலும் மணல்துகளினும் சிறிய இவை, விநாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, காற்றின் மூலக்கூறுகளோடு மோதி ஆவியாகி, அயனிகளும் எலக்ட்ரான்களும் நிறைந்த மெல்லிய நீண்ட தடங்களை விட்டுச் செல்கின்றன. ரேடார் அனுப்பும் 35.25 மெகாஹெர்ட்ஸ் அலைகள், தம் பாதைக்குச் செங்குத்தாக அமைந்த தடங்களில் பட்டுத் திரும்புகின்றன. ஐந்து ஆண்டெனாக்களில் அவை வந்துசேரும் நிலையின் நுண்ணிய வேறுபாடு தடத்தின் திசையையும், திரும்ப எடுத்த நேரம் அதன் தொலைவையும் சொல்ல, இரண்டிலிருந்தும் உயரம் கிடைக்கிறது. தடத்தைக் காற்று இழுத்துச் செல்வதால் எதிரொலியின் அதிர்வெண் சற்றே மாறுகிறது. டாப்ளர் விளைவு எனப்படும் இம்மாற்றம், தடம் ரேடாரை நெருங்கும் அல்லது விலகும் வேகத்தை மட்டுமே தருவதால், வானின் பல திசைகளில் தோன்றும் தடங்களை மணிக்கணக்கில் தொகுத்தே முழுக் காற்றோட்டமும் கணிக்கப்படுகிறது.

வெப்பநிலையை அறியும் வழி இவ்வளவு நேரடியானதன்று. தடத்தின் துகள்கள் சூழ்ந்துள்ள காற்றில் விரவிப் பரவுவதால் எதிரொலி பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் மங்கிவிடுகிறது. அது மங்கும் விரைவு வெப்பநிலையை மட்டுமன்றி அழுத்தத்தையும் சார்ந்திருப்பதால், அழுத்தத்தை வேறு வழியில் அறிந்தோ, உயரத்துக்கேற்ப அவ்விரைவு மாறும் வீதத்தைக் கொண்டோதான் 90 கிலோமீட்டரை ஒட்டிய வெப்பநிலையை மதிப்பிட முடியும். எனவே காற்றின் அளவீட்டுக்குத் தரும் நம்பிக்கையை இதற்கும் அப்படியே தருதல் பொருந்தாது. செயற்கைக்கோள் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

இடைவிடாத அளவீட்டின் அருமை வளிமண்டல ஓதங்களை ஆராயும்போதே முழுமையாகப் புலப்படுகிறது. கீழே நீராவியும் ஓசோனும் கதிரவனின் வெப்பத்தை ஏற்பதால் எழும் இந்த அலைகள், மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைவதால் பெருகி, 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே நாளுக்குள் காற்றின் திசையையே மாற்றிவிடும் வலிமை பெறுகின்றன. அங்கே ஒருமுறை மட்டும் அளக்கப்பட்ட காற்று நிலையான ஓட்டமா, அந்நேரத்து ஓதமா என்பதைப் பிரித்தறிய வழியில்லை.