உத்திசார் மேலாண்மையின் வெற்றியை அளவிடுதல்: காமராசர் துறைமுகமும் முகத்துவாரக்குப்பமும்

முன்னுரை

ஒரு நிறுவனம் தன் நீண்டகால இலக்கை வகுத்து, அதனை அடையும் வழிகளைத் தேர்ந்து, வளங்களை அதற்கேற்பப் பகிர்ந்தளிப்பது உத்திசார் மேலாண்மை எனப்படும். அவ்வுத்தி பலன் தருகிறதா என்பதை எண்ணளவில் அறிய உதவுவன முதன்மைச் செயல்திறன் குறிகாட்டிகள் ஆகும். இலக்கோடு பொருந்தாத குறிகாட்டி, தோல்வியையும் வெற்றியாகக் காட்டிவிடும். இதனை எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தையும் அதன் அண்மையிலுள்ள முகத்துவாரக்குப்பத்தையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

குறிகாட்டிகளின் தன்மை

அளவிடக்கூடிய அனைத்தும் முதன்மைக் குறிகாட்டி ஆகா. உத்தி குறித்த முடிவை மாற்றவல்ல அளவையே அப்பெயருக்கு உரியது. நிகழ்ந்து முடிந்ததைக் கூறுவது பின்விளைவுக் குறிகாட்டி. நிகழவிருப்பதை உணர்த்துவது முன்னறி குறிகாட்டி. நிதி அளவைகள் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தவை. இக்குறையைக் களையும் நோக்கில் இராபர்ட் காப்லான், டேவிட் நார்ட்டன் ஆகியோர் 1992இல் சமநிலை மதிப்பெண் அட்டையை முன்வைத்தனர். நிதி, வாடிக்கையாளர், உள்செயல்முறை, புத்தாக்கமும் கற்றலும் என்னும் நான்கு நோக்குகளை அது இணைக்கிறது.

துறைமுகத்தின் உத்தியும் அளவைகளும்

இந்தியப் பெருந்துறைமுகங்களுள் நிறுமமாக அமைக்கப்பட்ட முதல் துறைமுகம் எண்ணூர்த் துறைமுகமாகும். 2001இல் செயற்பாட்டிற்கு வந்த இது, 2014இல் காமராசர் பெயரைப் பெற்றது. தமிழ்நாடு மின்வாரியத்தின் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதே இதன் தொடக்க நோக்கம். பின்னர் கார் ஏற்றுமதி, சரக்குப் பெட்டகம், திரவ இயற்கை எரிவாயு எனப் பல சரக்குகளை நோக்கி இதன் உத்தி விரிந்தது.

மொத்தச் சரக்கு டன், கப்பல் வந்து திரும்பும் நேரம், கப்பல் தளப் பயன்பாட்டு விழுக்காடு ஆகியன துறைமுகங்கள் வழக்கமாகக் கையாளும் அளவைகள். நிலக்கரி வரத்து மட்டும் பெருகினாலும் மொத்த டன் உயரும். ஆதலால், ஒற்றைச் சரக்கைச் சார்ந்திருத்தலைக் குறைப்பதே உத்தியாயின், மொத்தச் சரக்கில் நிலக்கரியின் பங்கே பொருத்தமான குறிகாட்டியாகும். தளப் பயன்பாடு மிகுவது வருவாய்க்கு நன்று எனினும், ஓர் எல்லைக்கு மேல் அது கப்பல்களைக் காத்திருக்கச் செய்யும். எனவே அதனைக் கப்பல் திரும்பும் நேரத்தோடு இணைத்தே நோக்குதல் வேண்டும்.

அளவையின் எல்லை

மேற்கூறியவை யாவும் துறைமுக எல்லைக்குள் நிகழ்வனவற்றையே அளக்கின்றன. 2017 சனவரி 28 அன்று இத்துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. கொசஸ்தலையாறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த முகத்துவாரக்குப்பம் உள்ளிட்ட மீனவக் குடியிருப்புகளின் தொழில் முடங்கியது. முன்னதற்குக் கப்பல் போக்குவரத்தும் பின்னதற்குத் தொழிற்சாலைப் பகுதியும் தோற்றுவாய்; இழப்பைச் சுமந்தவர்களோ இரண்டிலும் மீனவர்களே.

இத்தகைய இழப்பு நிவாரணத் தொகையாகக் கணக்கில் ஏறும்போது அது பின்விளைவுக் குறிகாட்டியாக மட்டுமே அமைகிறது. கசிவு தெரிந்தது முதல் மிதவைத் தடுப்பு அமைக்கப்படும் வரையிலான நேரம், கழிமுக நீரில் கரைந்துள்ள உயிர்வளியின் அளவு, மணல்திட்டால் தூர்ந்துபோகும் ஆற்றுவாயின் ஆழம் ஆகியவை முன்னறி குறிகாட்டிகளாக அமையத் தக்கன. மீனவர் தொழிலுக்குச் சென்ற நாள்களின் எண்ணிக்கை இவற்றின் பயனைச் சரிபார்க்க உதவும்.

முடிவுரை

குறிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது கணக்கியல் பணி மட்டுமன்று. எவருடைய நலம் வெற்றியில் சேரும் என வரையறுக்கும் பணியும் ஆகும். கப்பல் விரைந்து திரும்புவதையும் படகு தடையின்றிக் கடலுக்குச் செல்வதையும் ஒரே அட்டையில் பதிவு செய்யும்போதுதான் எண்ணூர்ப் பகுதித் தொழில் உத்திகளின் வெற்றி முழுமையாக அளவிடப்பட்டதாகும்.