அழுகுணி இல்லாத ஏற்றம்



சின்ன வயதில் கோலி ஆடும்போது யாராவது நடுவில் விதியை மாற்றினால் என்ன கத்துவோம்? "டேய், அழுகுணி ஆட்டம்டா!" தோற்றதற்காக அப்படிக் கத்துவதில்லை, ஏமாற்றப்பட்டால்தான் கத்துவோம். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ஒரு புராஜெக்ட் தேவைப்பட்டது.

கடைசி வருட புராஜெக்டுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, மரம் ஏறும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்தோம். கமுதிப் பக்கம் என்ன மரம் இருக்கிறது? சீமைக்கருவேலத்தில் எவனும் ஏறமாட்டான், மிச்சம் பனைதான். என் அப்பாவும் பனையேறி.

எங்களுக்கு முன்மாதிரி, 2017-இல் பென்னட் ஃபாடி என்பவர் வெளியிட்ட 'கெட்டிங் ஓவர் இட்'. அண்டாவுக்குள் இடுப்பளவு அமர்ந்த ஒரு மனிதன், கையில் சம்மட்டி. மவுஸை அசைத்தால் சம்மட்டி அசையும். அதை ஊன்றியும் கொக்கி போல மாட்டியும் மலை ஏற வேண்டும். தவறினால் சில இடங்களில் தொடங்கிய இடத்துக்கே வந்து விழுவோம். இருந்தும் உலகமே அதை விடாமல் ஆடியது. எங்கள் விளையாட்டையோ ஹாஸ்டல் நண்பர்கள் பத்தே நிமிடத்தில் "அழுகுணி" என்று சொல்லி எழுந்து போனார்கள். அது கஷ்டமாக இருந்ததாலா? இல்லை. மூன்று தப்புகள் கண்டுபிடித்தோம்.

முதல் தப்பு கணக்கில். "லேப் கம்ப்யூட்டர்ல எட்டாத மட்டை என் லேப்டாப்ல எட்டுதுடா" என்றான் ஒருவன். ஆள் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எம்புகிறான், புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பாடப்புத்தகச் சூத்திரப்படி உயரம் 1.25 மீட்டர். ஆனால் கம்ப்யூட்டர் துண்டு துண்டாகக் கூட்டுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகு ஆளை நகர்த்துகிறது. விநாடிக்கு 30 படம் ஓட்டும் இயந்திரத்தில் விடை 1.17 மீட்டர், 60 படம் ஓட்டுவதில் 1.21. நாலு சென்டிமீட்டர்தானே என்பீர்கள். மட்டையைப் பிடிப்பதற்கும் கீழே விழுவதற்கும் அந்த நாலு சென்டிமீட்டர் போதும்! இதற்கு மருந்து, படம் எத்தனை ஓடினாலும் இயற்பியல் கணக்கை மட்டும் ஒரே சீரான இடைவெளியில் போடுவது. 'யூனிட்டி' மென்பொருளில் இது வழக்கமாக 0.02 விநாடி. அதன்பின் எல்லா இயந்திரத்திலும் ஒரே உயரம்.

இரண்டாவது, விரல். மட்டை நுனியைத் தாண்டிய மறுகணம் பொத்தானை அமுக்கியவன், "நான் அமுக்கினேன்டா!" என்று சத்தியம் செய்தான். அவன் சொன்னது பொய்யில்லை. கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேறும் விளையாட்டு, காலடியில் தரை போன பிறகும் 0.1 விநாடி வரை குதிக்க அனுமதிக்கிறது. ஆடுபவருக்கு அது சலுகை என்றே தெரியாது. "நான் சரியாத்தான் குதிச்சேன்" என்றுதான் நினைப்பார். நாங்களும் அப்படியே வைத்தோம்.

மூன்றாவது தப்பைச் சொன்னது அப்பா. இரண்டு வருடம் முன்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து அவர் ஏறுவதில்லை. லீவில் வீட்டுக்குப் போனபோது விளையாட்டைக் காட்டினேன். கஷ்டமாக இருக்கட்டுமே என்று, சீட்டுக் குலுக்குவது மாதிரி, காரணமில்லாமல் திடீரென வழுக்கும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். திரையில் ஆள் வழுக்கி விழுந்தான். அப்பா கேட்டார்: "ஏன் விழுந்தான்?"

"சும்மாதான்ப்பா. அப்பப்ப விழுவான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சும்மா யாரும் விழுறதில்லப்பா. அன்னைக்குத் தளைநார் நைஞ்சிருந்தது. பாத்தேன். இன்னும் ஒரு நாள் தாங்கும்னு ஏறுனேன். மரம் என்னைய ஏமாத்தல."

அன்று இரவே அந்தக் குலுக்கலை அழித்தேன். வழுக்கும் இடத்தில் ஈரம் பளபளவென்று தெரியும்படி வரைந்தோம். காலில் மாட்டும் தளைநார் நையநைய நூல் பிரிவது கண்ணில் படும். இறங்கி மாற்றலாம், துணிந்து மேலேயும் போகலாம். ஒரே இடத்தில் ஒரே மாதிரி செய்தால் ஒரே விளைவு. விழும் உயரத்தை ஒரு அடிகூடக் குறைக்கவில்லை.

அதே நண்பர்கள் திரும்ப வந்து ஆடினார்கள். முன்னைவிட அதிகம் விழுந்தார்கள். ஆனால் விழுந்தவன் "அழுகுணி" என்று சொல்லவில்லை. "சே, அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லி மறுபடி மவுஸைப் பிடித்தான். ஆக நண்பர்களே, நியாயம் என்பது சுலபமாக்குவது அல்ல. விழுந்தவனுக்கு ஏன் விழுந்தோம் என்று தெரிய வேண்டும். அடுத்த தடவை மாற்றிச் செய்ய வழி இருக்க வேண்டும்.

அந்த அடுத்த தடவை திரையில் எல்லோருக்கும் உண்டு. அப்பாவுக்கு இல்லை. முடித்த விளையாட்டை அவரிடம் கொடுத்தேன். பாதி மரத்தில் தளைநாரில் நூல் பிரிந்தது. அப்பா ஆளை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.