வாக்கும் அதன் காவலும்

பலருடைய மதிப்பீட்டைத் திரட்டி ஒரே முடிவாக்கும் கருவி வாக்கு. ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது, குற்றாலச் சீசனில் தங்கிய லாட்ஜுக்கு நட்சத்திரம் இடுவது, கைபேசியில் ஒரு கருத்துக்கு விருப்பக்குறி அழுத்துவது ஆகிய மூன்றும் அடிப்படையில் ஒரே செயல்தான். தராசைப் போல வாக்கும் ஓர் அளவுகருவி. தட்டில் விரல் வைத்தால் எடை பிழைக்கும். வாக்கில் கை வைத்தால் முடிவு பிழைக்கும். ஆகவே, வாக்கு முறையை எங்கே கொண்டுவரலாம் என்று கேட்கும்போதே அதை எப்படிக் காப்பது என்றும் கேட்டாக வேண்டும்.

பலர் சொன்னால் சரியாக இருக்குமா?

இக்கேள்விக்குக் கணிதத்தில் முதலில் விடை தேடியவர்களில் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே. அவர் 1785இல் வெளியிட்ட தேற்றத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆம், இல்லை என்று இரண்டே விடை உள்ள ஒரு கேள்வியில் ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 60 சதவீதம் என்று கொள்வோம். 3 பேரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 65 சதவீதம். 11 பேரானால் 75; 101 பேரானால் 98. தனித்தனியே சுமாரான அறிவு, கூடும்போது உறுதியான அறிவாகிறது.

இதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 40 சதவீதமாக இருந்தால், 101 பேரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு வெறும் 2 சதவீதம். தேற்றம் ஒரு நிபந்தனையும் விதிக்கிறது: ஒருவரின் வாக்கு இன்னொருவரின் வாக்கைச் சார்ந்திருக்கக் கூடாது. ஒரே ஆள் பத்துக் கணக்குகளில் வாக்களித்தால் எண்ணிக்கைதான் பத்து, கருத்து ஒன்றே.

நிபந்தனை நிறைவேறும்போது என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சிப் போட்டி காட்டியது. அறுத்துச் சீர்செய்த ஒரு மாட்டின் எடை எவ்வளவு இருக்கும் என்று காசு கட்டிச் சீட்டில் எழுதிப் போட்டவர்களின் 787 ஊகங்களை ஃபிரான்சிஸ் கால்டன் 1907இல் ஆராய்ந்தார். ஊகங்களை வரிசைப்படுத்தியபோது நடுவில் நின்ற எண் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198 பவுண்டு. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாததும், காசு கட்டியதால் அவரவர் கவனமாக ஊகித்ததும் இதற்குக் காரணங்கள்.

கல்லில் எழுதிய காவல்

வாக்கைக் காக்கும் விதிகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள மானூரில் மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அது கி.பி. 800ஐ ஒட்டியதாகக் கொள்ளப்படுகிறது. ஊர்ச்சபையில் யார் பங்கேற்கலாம் என்று வரையறுக்கும் அக்கல்வெட்டில் குறிப்பிடத்தக்க விதி ஒன்று உண்டு. சபையில் வரும் ஒவ்வொன்றையும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவரும் அவருக்குத் துணை நிற்பவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். மாற்றுக்கருத்துக்கு அங்கே தடை இல்லை. எதையும் பாராமல் எல்லாவற்றையும் முடக்கும் எதிர்ப்புக்குத்தான் விலை வைக்கப்பட்டது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. அது வாக்களிப்பு அல்ல, சீட்டுக் குலுக்கல். ஆயினும் முறைகேட்டைத் தடுக்கும் ஏற்பாடு அதில் நுட்பமானது. ஊர் குடும்புகள் என்னும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபை முழுதும் காணக் குடம் உயர்த்திக் காட்டப்பட்டது. விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். மறைத்து வைத்த வேறு ஓலையை மாற்றிவிட முடியாது. வாசித்த பெயரை அங்கிருந்த பூசகர்களான நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசித்தனர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்துக்கே வர முடியாது.

அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களுக்கே உரியதாக இருந்தது. ஊரில் பெரும்பாலோர் அதற்கு வெளியே நின்றனர். நடைமுறை எவ்வளவு தூயதாக இருந்தாலும், யார் பங்கேற்கலாம் என்னும் எல்லைக்கோடு குறுகினால் முடிவும் குறுகியதாகவே அமையும் என்பதற்கு உத்திரமேரூரே சான்று.

குத்துக்கல்வலசையில் நான்கு சீட்டுகள்

அந்த எல்லைக்கோட்டை அழித்தது வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமை. 2019 நவம்பர் 22 அன்று தொடங்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில் இரு கட்டங்களாக நடந்தது. தென்காசி நகரை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற ஊராட்சியில் ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்குகள்: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பதவிக்கு ஒரு நிறம் இருப்பதால், வாக்காளரின் கைத்தவறும் எண்ணுபவரின் கைத்தவறும் குறைகின்றன.

வாக்குச்சாவடியின் வாசலில் வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயரை உரக்கச் சொல்கிறார்கள். வேட்பாளர்களின் முகவர்கள் சரிபார்க்கிறார்கள். அடுத்து விரலில் மை. மைசூரு பெயிண்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கும் இந்த அழியாத மை 1962 பொதுத்தேர்தலிலிருந்து பயன்படுகிறது. அதில் உள்ள சில்வர் நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கருக்கிறது. சோப்பால் கழுவினாலும் போகாது. நகமும் தோலும் வளர்ந்து உதிர்ந்தால்தான் மறையும். ஒருவர் மீண்டும் வந்து கள்ள ஓட்டுப் போடுவதை அது தடுக்கிறது. அதன் பிறகு தனி மறைப்பிடத்துக்குள் செல்பவர் யாருக்கு முத்திரை குத்துகிறார் என்பது எவருக்கும் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ஒன்றே: வாக்காளர் யார் என்பது வாசலில் உறுதியாகிறது, வாக்கு யாருக்கு என்பது உள்ளே மறைகிறது. அடையாளத்தையும் வாக்கையும் இப்படிப் பிரித்து வைப்பதால் ஆள்மாறாட்டமும் மிரட்டலும் ஒருசேரத் தடுக்கப்படுகின்றன.

நட்சத்திரங்களின் பலவீனம்

இணையத்தில் நட்சத்திரமும் விருப்பக்குறியும் இடும் இடங்களில் பெரும்பாலும் இந்த வாசல் இல்லை. அதனால் நான்கு வகைக் கோளாறுகள் நேர்கின்றன.

முதலாவது, போலிக் கணக்கு. அமெரிக்காவின் பாஸ்டன் நகர உணவகங்களுக்கு யெல்ப் தளத்தில் வந்த மதிப்புரைகளை மைக்கேல் லூகா, ஜியார்ஜியோஸ் செர்வாஸ் ஆகியோர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். அவற்றில் ஏறத்தாழ 16 சதவீதத்தைத் தளமே ஐயத்துக்குரியவை என்று வடிகட்டியிருந்தது. நற்பெயர் குறைந்த உணவகங்களுக்குப் புகழ்ச்சிப் போலிகளும், போட்டி மிகுந்த உணவகங்களுக்கு எதிராக இகழ்ச்சிப் போலிகளும் கூடுதலாக வந்தன.

இரண்டாவது, மந்தைப் போக்கு. லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் ஆகியோர் ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளைக் கொண்டு நடத்திய சோதனை 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த கருத்துகளுக்கு ஒரே ஓர் ஆதரவு வாக்கை ஆய்வாளர்களே இட்டனர். அடுத்து வருபவர் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் உயர்ந்தது. இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. ஆய்வாளர்கள் இட்ட எதிர்ப்பு வாக்கைப் பின்வந்தவர்கள் ஈடுகட்டிவிட்டனர். பொய்யான ஆதரவை அப்படியே பின்தொடர்ந்தனர்.

மூன்றாவது, கூட்டாகச் சேர்ந்து ஒருவரைத் தாழ்த்துவது. அங்கே வாக்கு மதிப்பீடாக இல்லாமல் தண்டனையாகிவிடுகிறது. இதை ஒரு காரணமாகச் சொல்லித்தான் யூடியூப் 2021 நவம்பரில் எதிர்ப்பு எண்ணிக்கையைப் பொதுப்பார்வையிலிருந்து அகற்றியது.

நான்காவது, சிறு எண்ணிக்கை. ஐந்து பேர் மட்டும் மதிப்பிட்டு ஐவரும் நன்று என்ற லாட்ஜும், 200 பேரில் 180 பேர் நன்று என்ற லாட்ஜும் இருந்தால், சராசரிப்படி முதலாவதே மேலே நிற்கும். பத்துப் போலி எதிர்ப்புகள் வந்தால் முதல் லாட்ஜின் ஆதரவு 100 சதவீதத்திலிருந்து 33க்கு வீழும். இரண்டாவது 90லிருந்து 86க்கு மட்டுமே இறங்கும். குற்றாலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் சாரல் காலத்தையே நம்பியிருக்கும் சிறிய விடுதிக்கு இது ஓர் ஆண்டின் பிழைப்பு.

காக்கும் வழிகள்

சிறு எண்ணிக்கைக்கு மருந்து புள்ளியியலில் உண்டு. எட்வின் வில்சன் 1927இல் தந்த சூத்திரம், கிடைத்த வாக்குகளை வைத்து உண்மையான ஆதரவு குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று கணிக்கிறது. 95 சதவீத நம்பக எல்லையில் ஐந்துக்கு ஐந்து பெற்ற லாட்ஜின் கீழ்வரம்பு ஏறத்தாழ 57 சதவீதம். 200க்கு 180 பெற்றதன் கீழ்வரம்பு 85. கீழ்வரம்பின்படி வரிசைப்படுத்தினால் சான்று மிகுந்தது மேலே வரும். ரெடிட் தளம் 2009 முதல் கருத்துகளை வரிசைப்படுத்த இதைப் பயன்படுத்தியது.

போலிக் கணக்குக்கு மருந்து வாசல் சோதனை. உண்மையில் அறை எடுத்துத் தங்கியவருக்கு மட்டும், ஒரு தங்கலுக்கு ஒரு வாக்கு என்பது மையிட்ட விரலுக்கு நிகரானது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட ஐஎஸ் 19000 என்னும் தரநிலை, மதிப்புரை எழுதுபவரை மின்னஞ்சல், தொலைபேசி போன்ற வழிகளில் உறுதிசெய்யச் சொல்கிறது. விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்கிறது. இதைப் பின்பற்றுவது தன்விருப்பமாகவே அறிவிக்கப்பட்டது. இது கட்டாயமாக்கப்பட வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

மந்தைப் போக்குக்கு மருந்து மறைப்பு. பல கட்டத் தேர்தலில் இறுதிக் கட்டம் முடியும்வரை வாக்குக் கணிப்பு முடிவுகளை வெளியிட இந்தியச் சட்டம் தடை விதிப்பதும் இதே நோக்கில்தான். குறிப்பிட்ட எண்ணிக்கை சேரும்வரை மொத்தத்தைக் காட்டாமல் வைத்தால், தொடக்க வாக்குகள் பிறரை இழுப்பதில்லை.

கூட்டுத் தாக்குதலுக்கு மருந்து மானூரில் இருக்கிறது. நிரலாளர்களின் கேள்வி–பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எதிர்ப்பு வாக்கிட 125 மதிப்புப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஒரு பதிலை எதிர்த்து வாக்கிட்டால் வாக்கிட்டவரின் புள்ளியில் ஒன்று குறையும். ஐந்து காசு தண்டத்தின் கருத்து பன்னிரண்டு நூற்றாண்டுக்குப் பின் வேறொரு மண்ணில் தனியே முளைத்திருக்கிறது. சற்றே விலை கொடுத்து எதிர்க்க வேண்டியிருந்தால், உண்மையான காரணம் உள்ளவர் மட்டும் எதிர்ப்பார்.

இவற்றோடு மூன்று விதிகள் சேர வேண்டும். விதிமுறைகள் வாக்கு தொடங்கும் முன்பே எழுதி அறிவிக்கப்பட வேண்டும்; நடுவில் மாற்றக் கூடாது. நீக்கிய வாக்குகள் எத்தனை, ஏன் என்ற கணக்கு வெளியிடப்பட வேண்டும். தவறாகத் தாழ்த்தப்பட்டவர் முறையிட ஒரு வழி இருக்க வேண்டும்.

வாக்கு கூடாத இடம்

எத்தனை காவல் இருந்தாலும் எல்லாவற்றையும் வாக்குக்கு விடக் கூடாது. எந்த லாட்ஜ் தூய்மையானது, எந்தக் கடைச் சாப்பாடு நன்று என்பவை பலரின் அனுபவத்தால் தெளிபவை. அங்கே வாக்கு பொருந்தும். குற்றால அருவியில் இன்று குளிக்கலாமா என்பது அப்படியல்ல. அதை முடிவு செய்வது மலைமேல் பெய்யும் மழை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் ஓர் இளம் உயிர் பலியானது. அருவிக்கு எத்தனை நட்சத்திரம் என்பதற்கும் அந்த வெள்ளத்துக்கும் தொடர்பில்லை. நீர்வரத்தை அளந்து குளிக்க விதிக்கும் தடையே அங்கே வேண்டும். மருந்தின் பயன், பாலத்தின் வலிமை போன்றவையும் அளந்தும் சோதித்தும் அறிய வேண்டியவை.

ஒருவருடைய பிறப்பு, மதம், மொழி, சிறுபான்மையினரின் உரிமை ஆகியவையும் வாக்குக்கு அப்பாற்பட்டவை. ஒரு பிரச்சினையில் மக்களின் அனுபவமே சான்றாக இருக்கிறதா, அவர்கள் ஒருவரையொருவர் பாராமல் சொல்ல முடியுமா, ஆளுக்கு ஒன்று என்பதை உறுதிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஆம் என்றால் வாக்கைத் தயங்காமல் கொண்டுவரலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அந்தக் குறையைச் சரிசெய்த பிறகே வாக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்.