இருநூறு மங்கல் படங்களும் ஒரு நெபுலாவும்

இரவு வானப் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "இது நிஜமா?" என்பதுதான். படத்தில் ரோஜா நிறத்தில் விரிந்து கிடக்கிறது ஓரியன் நெபுலா. மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அதே இடத்தில் ஒரு புகைத் திட்டு. நகரத்தில் அதுகூடத் தெரிவதில்லை. கம்ப்யூட்டரில் பூசிய வண்ணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தச் சந்தேகம் நியாயமானது. முடிவுதான் தவறு. ஒழுங்காக எடுக்கப்பட்ட வானப் படம் வரைந்த சித்திரம் அல்ல, எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முக்காலி, மேனுவல் ஃபோகஸ், ரா ஃபைல் இவையெல்லாம் கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததே. சிக்கல் பூமியின் சுழற்சியில் தொடங்குகிறது. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் விண்மீன்கள் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடும். 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே ஏறத்தாழ அனுமதிக்கப்பட்ட விநாடி என்பது பழைய கைக்கணக்கு, 50 மி.மீ. லென்ஸுக்குப் பத்து விநாடி. வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கர் இருந்தால் சில நிமிடங்கள் வரை போகலாம். ஆனால் பத்து விநாடியில் நெபுலாவிலிருந்து சென்சாரை வந்தடையும் ஒளித்துகள்கள் மிகச் சொற்பம். தூறல் விழும்போது இரண்டு டம்ளர்களை அருகருகே வைத்தால் இது விளங்கும். முதல் நிமிடத்தில் ஒன்றில் ஒன்பது துளி விழுந்திருக்கும், மற்றதில் பதினான்கு. மழை இரண்டுக்கும் ஒன்றுதான். துளிகள் முறை வைத்து விழுவதில்லை, அவ்வளவே. ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் இரண்டிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஒளியும் அப்படித்தான். 100 துகள்கள் வந்தால் ஏறத்தாழ 10 கூடவோ குறையவோ இருக்கும். பத்து சதவீதத் தடுமாற்றம். 10,000 வந்தால் தடுமாற்றம் 100, அதாவது ஒரு சதவீதம். இருண்ட படத்தில் மணல் தூவியது போல் தெரியும் நாய்ஸில் பெரும்பங்கு இந்தத் தடுமாற்றம்தான்.

ஆகவே வானப் படக்காரர்கள் ஒரே இடத்தை இருநூறு முறை எடுத்து, விண்மீனுக்கு மேல் விண்மீன் பொருந்தும்படி அடுக்கிச் சராசரி காண்கிறார்கள். இதற்குப் பெயர் ஸ்டாக்கிங். நான்கு படம் அடுக்கினால் நாய்ஸ் பாதியாகும். நூறு அடுக்கினால் பத்தில் ஒன்று. டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் போன்ற மென்பொருள்கள் இதை இலவசமாகவே செய்து தருகின்றன. இதில் மனதைப் பறிப்பது வேறொன்று. இருநூறு படங்களில் ஒன்றில் ஒரு செயற்கைக்கோள் குறுக்கே போய் வெள்ளைக் கோடு கிழித்திருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கோட்டை யாரும் ரப்பர் வைத்து அழிப்பதில்லை. அந்த ஒரு புள்ளியில் 199 படங்கள் 'இங்கே இருட்டு' என்கின்றன. ஒரே ஒரு படம் 'இல்லை, பிரகாசம்' என்கிறது. தனித்து நிற்கும் அந்த எண்ணை மென்பொருள் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. விமானம் போனாலும் இதுவே கதி. எல்லாப் படத்திலும் விடாமல் இருந்தது மட்டுமே மிஞ்சும். இதோடு மூடியைப் போட்டபடியே, அதே விநாடி அளவில், அதே வெப்பநிலையில் சில படங்கள் எடுப்பார்கள். இருட்டைப் படமெடுப்பது வெட்டி வேலையாகத் தோன்றும். ஆனால் சூடான சென்சார் தானாகவே உண்டாக்கும் பொய்ப் புள்ளிகள் அதில் அப்படியே பதிந்திருக்கும். அவற்றை அசல் படத்திலிருந்து கழித்துவிடலாம். பொய்யை அளந்து கழிக்கும் இந்த ஒழுக்கத்தைத்தான் கம்ப்யூட்டர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

சரி, நிறம்? கண்ணுக்குத் தெரியாத சிவப்பு படத்தில் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். குறை கண்ணில் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் நம் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது; அவற்றால் ஒளியை ஒரு நொடிகூடச் சேர்த்து வைக்கவும் முடியாது. கேமராவால் முடியும். ஹைட்ரஜன் வாயு 656.3 நானோமீட்டரில் விடும் சிவப்பும், ஆக்சிஜன் 500.7-இல் விடும் நீலப்பச்சையும் அங்கே உண்மையாகவே இருக்கின்றன. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று மாற்றி ஒதுக்கிய படங்களும் உண்டு. ஹபிள் தொலைநோக்கியின் புகழ்பெற்ற 'படைப்பின் தூண்கள்' படம் அந்த வகை. அது நிலப்படத்தில் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டுவது போன்றது. எந்த நிறம் எதற்கு என்று சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று இல்லை. ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. மங்கலான நிலவைப் பார்த்ததும், தான் முன்பே கற்று வைத்த நிலவின் பள்ளங்களைத் தானாக இட்டு நிரப்பும் கைபேசி மென்பொருள் கூட்டிக் கழிக்கவில்லை, கற்பனை செய்கிறது. வந்து சேராத ஒளியைப் படத்தில் காட்டுவதை ஒளிப்படம் என்று அழைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கணக்குக்கும் கற்பனைக்கும் இடையிலான எல்லையை எப்படிச் சோதிப்பது? வேறொருவர், வேறு கருவியால் எடுத்தாலும் அதே உருவம் வர வேண்டும். ஜெர்மனியின் மார்செல் டிரெக்ஸ்லர், பிரான்ஸின் சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சேன்ட்டி ஆகிய மூன்று அமெச்சூர்கள் ஆண்ட்ரோமீடா அண்டத்தை ஆக்சிஜன் ஒளியில் இரவிரவாகப் படமெடுத்து அடுக்கியபோது, அதன் அருகே முழு நிலவைப் போல் மூன்று மடங்கு நீளத்தில் ஒரு நீல வில் தெரிந்தது. 1888-இல் ஐசக் ராபர்ட்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் அதே அண்டத்தின் சுருள் அமைப்பைப் படத்தில் காட்டிய நாளிலிருந்து எத்தனையோ பேர் குறிவைத்த இடம் அது. யார் கண்ணிலும் அந்த வில் படவில்லை. லென்ஸின் பிரதிபலிப்பாக இருக்குமோ என்ற ஐயம் முதலில் வரத்தான் செய்யும். வேறு தொலைநோக்கிகளிலும் அது பதிந்த பிறகே, 2023 ஜனவரியில் வானியலாளர்களோடு சேர்ந்து ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டார்கள். வண்ணம் பூசுகிறவர்களால் செய்யக்கூடிய காரியமா இது?

பெரிய தொலைநோக்கி வாங்கினால்தான் ஆகும் என்பது இன்னொரு மறுப்பு. அதைவிடத் தட்டுப்பாடான பொருள் இருட்டு. டம்ளர் கணக்குக்கே திரும்புவோம். ஒரு புள்ளியில் நெபுலாவிலிருந்து 50 துகள்களும், ஊர் வெளிச்சம் வானத்தில் பட்டுத் திரும்பியதில் 10,000 துகள்களும் விழுகின்றன என்று கொள்வோம். ஊர் வெளிச்சத்தின் சராசரியான 10,000-ஐக் கழித்துவிடலாம். ஆனால் அதன் தடுமாற்றமான 100-ஐ எந்த மென்பொருளாலும் கழிக்க முடியாது. நெபுலாவின் 50 அதில் மூழ்கிப்போகும். வானம் பத்து மடங்கு வெளுத்தால், அதே தெளிவுக்குப் பத்து மடங்கு நேரம் படமெடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை பத்து மணி நேரமாகும். பாதி வெளிச்சத்தை வானத்துக்கு அனுப்பும் உருண்டை விளக்குகளும், விடிய விடிய எரியும் விளம்பரப் பலகைகளும் செய்யும் வேலை இதுதான். அந்த வெளிச்சத்தால் தெருவில் நடப்பவருக்கும் பயனில்லை. மின் கட்டணம் மட்டும் ஏறுகிறது. பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டாமா என்பார்கள். வேண்டும், தரைக்கு வேண்டும். மேலே மூடி போட்ட விளக்கு தரைக்கு அதிகமாகவே தரும். லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருண்ட வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது யாரும் ஊரை இருட்டாக்கவில்லை. விளக்குகளைக் கீழே பார்க்க வைத்தார்கள், ஜன்னல்களுக்குத் திரை போட்டார்கள்.

ஜனவரி மாத இரவில் திருவாதிரை விண்மீன் இருக்கும் அதே ஓரியன் மண்டலத்தில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு அருகே ஒரு சிறு வாள் போன்ற தொகுதி தெரியும்; ஓரியன் நெபுலா அதில்தான் இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸைத் திறந்து, ஐந்து விநாடி வீதம் இருநூறு படம் எடுங்கள்; மொத்தம் பதினாறு நிமிடம் நாற்பது விநாடி. இடையிடையே கேமராவைச் சற்றுத் திருப்பி வாளை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மூடியைப் போட்டு இருபது. தொடங்குவதற்கு முன் மாடி விளக்கை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.