ஓய்ந்த காலும் ஒத்தைப் பலகையும்

தோட்டத்தில் ஒருவர் குலையோடு கால்வாயில் விழுந்துவிட்டால், ஆபீசில் முதலில் எழுதப்படும் சொல் "கவனக்குறைவு". கங்காணியும் அதையே சொல்வார். விழுந்தவரும் வெட்கப்பட்டுக்கொண்டு, "புத்தி எங்கேயோ போயிடுச்சுண்ணே" என்பார். நாம் போகிற தோட்டங்களில் இதைப் பல முறை கேட்டிருக்கிறோம். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். காலை ஏழு மணியிலிருந்து அதே ஒத்தைப் பலகையைப் பத்துத் தடவை கடந்தவர், பதினொன்றரை மணிக்குப் பதினோராவது தடவையில் விழுந்திருப்பார். பலகை அதே பலகைதான், ஆளும் அதே ஆள்தான். அவர் காலில் இருந்த தெம்பு மட்டும் அங்கே இல்லை.

சும்மா நிற்பதே உடம்புக்கு ஒரு வேலை, தோழர்களே! நேராக நிற்கும்போது நம் உடம்பின் பாரம் கணுக்காலுக்குச் சற்று முன்னால்தான் இறங்குகிறது. அப்படியே விட்டால் முகம் குப்புற விழுந்துவிடுவோம். கெண்டைக்கால் சதைதான் ஓயாமல் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆடாமல் நிற்பதாக நாம் நினைக்கும் நேரத்திலும் உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டு போகிறவர்கள் மூன்று பேர்: கண், உள்காது, அப்புறம் பாதமும் கணுக்காலும் காலின் சதைகளும்.

சதை களைத்துப் போனால் இழுத்துப் பிடிக்கும் பலம் குறைகிறது. அதோடு அது அனுப்பும் செய்தியும் மழுங்கிவிடுகிறது. ஆட்களை அளவு காட்டும் தட்டின் மேல் நிறுத்தி, வேலைக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு, எதைக் களைக்க வைத்தாலும் உடம்பின் ஆட்டம் கூடுகிறது. மூச்சு வாங்கினாலும் கூடுகிறது, தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றினாலும் கூடுகிறது. கொஞ்ச நேரம் கடுமையாக உழைத்து வந்த களைப்பு என்றால், பெரும்பாலும் 10 முதல் 20 நிமிஷத்தில் நிதானம் திரும்பிவிடும். காலை முழுக்கச் சேர்ந்த களைப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

இதை நம் வேலைக்காட்டில் வைத்துப் பாருங்கள். உயரமான செம்பனையில் குலை வெட்டுகிறவர் கழுத்தை அண்ணாந்துகொண்டு, நீளக் கம்பில் அரிவாளைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். தலையை அப்படிப் பின்னால் சாய்த்தாலே உள்காதின் செய்தி குழம்பும். வெட்டி முடித்து, 10 கிலோவிலிருந்து 25 கிலோ வரைக்கும் இருக்கும் குலையைத் தூக்கி, சேற்றில் தள்ளுவண்டியோடு பலகை ஏறுகிறார். இன்று குலை வெட்டில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களே அதிகம் என்றாலும், கால்வாய் ஆள் பார்த்தா வழி விடுகிறது? மேட்டுக்காட்டில் விடியுமுன் தலைவிளக்கோடு பால் வெட்டும் அக்காமார்களுக்கோ, இருட்டில் கண் பாதிச் செய்திதான் தரும். மீதிப் பாரமெல்லாம் காலின் மேல்.

"நாள் பூரா மேடு ஏறி இறங்குறோம், எங்களுக்கு எதுக்குங்க உடற்பயிற்சி?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வேலை சதையைத் தேய்க்கிறது. பயிற்சி அதை வளர்க்கிறது. வேலையில் ஒரே அசைவு, அதுவும் களைத்த பிறகும் நிறுத்தாமல். பயிற்சியில் கொஞ்சம் உழைப்பு, அப்புறம் ஓய்வு. அந்த ஓய்வில்தான் சதை பலப்படுகிறது. நிதானமாக நிற்பதும் பழகப் பழக வருகிற ஒன்று. 60 வயது தாண்டியவர்களை வைத்து நடந்த 100-க்கு மேற்பட்ட ஆய்வுகளை 2019-இல் சேர்த்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி செய்தவர்களிடம் விழுவது நூற்றுக்கு 23 அளவு குறைந்திருந்தது. 2013 முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஐம்பது கடந்த கால்களோடு இன்னும் பல ஆண்டு உழைக்க வேண்டியவர்கள் நம்மில் நிறையப் பேர்.

செலவில்லாத பயிற்சிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பத்துப் பதினைந்து தடவை. பெஞ்சில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். பிறகு சுவர் பக்கத்தில் ஒற்றைக் காலில் பத்து விநாடி. பழகப் பழக முப்பது விநாடி. கோலத்துக் கோடு போல ஒரு கோடு கிழித்து, குதிகாலும் விரலும் தொட அதன் மேல் நடக்கலாம்; பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் போதும். வேலை விட்டு வந்த களைப்போடு செய்ய வேண்டாம், குளித்துச் சாப்பிட்டு ஆறிய பிறகு செய்யுங்கள். நம் இனத்தாரிடம் சர்க்கரை வியாதி அதிகம். பாதம் மரத்துப் போனவர்கள் கிளினிக்கில் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது, அவர்களுக்கு மூன்றாவது தூதன் ஏற்கனவே பாதி ஊமை.

பயிற்சி நம் பங்கு. ஓய்வு கொடுப்பது நிர்வாகத்தின் பங்கு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. அரை மணியாவது விட வேண்டும். துண்டுக் கூலிக்கு ஆசைப்பட்டு நாமே அதை விழுங்குவதும் நடக்கிறது. குலைக் கணக்கு கூட வேண்டும் என்று இடைவேளையை வெட்டச் சொல்லும் கங்காணிமாரும் இருக்கிறார்கள். ஒற்றைப் பலகைக்குப் பதில் இரட்டைப் பலகையும் கைப்பிடியும் போட எவ்வளவு செலவாகிவிடும்? வேலையிடத்தைப் பத்திரமாக வைக்கும் கடமையை 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் முதலாளியின் மேல்தான் வைத்திருக்கிறது.

யாராவது விழுந்துவிட்டால், நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கவனக்குறைவு என்று எழுதிவிட்டதாலேயே சொக்சோ உரிமை போய்விடாது, அதனால் பயந்து பேசாமல் இருக்க வேண்டாம். அறிக்கையில் மூன்று விவரங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: விழுந்த நேரம், அன்று வேலை தொடங்கிய நேரம், கடைசியாக உட்கார்ந்த நேரம். எழுத மறுத்தால், அதையே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, பார்த்தவர் இருவர் கையெழுத்தோடு கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.