காப்பி கிளப்புகளின் ஏற்றமும் இறக்கமும்

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்ற மலைவாயில்களின் வழியாகத் தேனிச் சீமையிலிருந்து இடுக்கிக்கு ஏறுகிறவர்களும், பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகவோ கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகவோ பாலக்காட்டுக்குள் நுழைகிறவர்களும், காப்பியை இரண்டு ரூபங்களில் காண்கிறார்கள். மிளகுக் கொடி படர்ந்த நிழல் மரங்களின் கீழே கொத்துக் கொத்தாகப் பழுத்து நிற்கும் விளைபொருள் ஒன்று. கடையில் உட்கார்ந்து ஆற அமரக் குடிக்கும் பானம் மற்றொன்று. சமீப காலத்தில் இவ்விரண்டின் கதியும் நேர் எதிரான திசைகளில் சென்றிருக்கிறது. 2024-ஆம் வருஷத்தில் லண்டன் சந்தையில் ரொபஸ்டா காப்பியின் விலை டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டி, ஏறத்தாழ அரை நூற்றாண்டாகக் காணாத உயரத்தை எட்டியது. அதே வேளையில், நம் தேசத்தின் மிகப் பெரிய காப்பிக் கடைத் தொடராக விளங்கிய கஃபே காபி டே, ஐந்தாண்டுகளுக்கு முன் 1,700-க்கும் அதிகமாக இருந்த தன் கடைகளை 500-க்கும் கீழாகக் குறைத்துக்கொண்டிருந்தது. கொட்டைக்கு இத்தனை கிராக்கி இருக்கையில் கடைக்கு ஏன் இந்த வீழ்ச்சி என்ற கேள்வி, மலையில் காப்பி பயிரிடுகிறவர்களுக்கும் சமவெளியில் காப்பி குடிக்கிறவர்களுக்கும் பொதுவானது.

இதற்கு விடை காண வேண்டுமானால், காப்பிக் கடைத் தொடர் ஒன்று நம் நாட்டில் முதன்முதலாக எப்படித் தோன்றியது, எப்படி மூடப்பட்டது, மூடப்பட்ட பிறகு எப்படி மீண்டும் எழுந்தது என்ற சரித்திரத்தை அறிந்துகொள்வது அவசியம். 1930-களில் உலகமெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தால் காப்பியின் விலை சரிந்து, தோட்டக்காரர்கள் ஏற்றுமதியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று உணர்ந்தபோது, உள்நாட்டிலேயே காப்பி குடிப்பவர்களைப் பெருக்குவதற்காக 1935-இல் காப்பி வரிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தால் அமைந்த குழு, 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் இந்தியா காபி ஹவுஸ் என்ற பெயரில் முதல் கடையைத் திறந்தது. பின்னர் 1942-இல் ஏற்பட்ட காப்பி போர்டின் பொறுப்பில் அக்கடைகள் பெருகி, 1940-களில் தேசமெங்கும் ஐம்பதுக்குச் சற்றே குறைந்த எண்ணிக்கையில் விளங்கின. சுதந்திரம் வந்து பத்தாண்டுகள் நிறையுமுன், போர்டின் கொள்கை மாறியது. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றில் பணி செய்தவர்கள் ஜீவனோபாயமின்றித் தெருவில் நின்றார்கள்.

அந்தச் சந்தர்ப்பத்தில் கேரளத்தின் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன், வேலையிழந்தவர்கள் வேறு எஜமானனைத் தேடாமல், கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளைத் தாங்களே நடத்த வேண்டும் என்று உபதேசித்தார். அதன்படி 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம் உருவாயிற்று. அதே வருஷம் அக்டோபரில் டில்லியில் முதல் இந்தியன் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை எழுந்தது. அன்று தொடங்கிய அந்த ஸ்தாபனம் இன்றும் பாலக்காடு உள்ளிட்ட கேரள நகரங்களில் நடந்துவருகிறது. வெள்ளைச் சீருடையும், இடையில் அகன்ற பட்டையும், தலையில் விசிறி மடிப்பு எழும்பிய தலைப்பாகையுமாகப் பரிமாறுகிறவர் வந்து நிற்கும் தோரணையையும், பீட்ரூட் சேர்த்துச் சிவந்த மசால் உள்ளே இருக்கும் தோசையையும், அதே நிறத்துக் கட்லெட்டையும், தடித்த வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வரும் காப்பியையும் கேரளத்தில் அறியாத குடும்பம் அரிது. அங்கே வேலை செய்கிறவரே சங்கத்தின் அங்கத்தினர். அங்கத்தினரே நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கிறவர். ஆகையால் வருமானத்திலிருந்து தூரதேசத்துப் பங்குதாரருக்கும் வட்டிக்காரருக்கும் எடுத்து வைக்க வேண்டிய பங்கு பெரிதாக இருப்பதில்லை. அந்த ஸ்தாபனத்துக்கும் இடர் வராமலில்லை. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் ஐம்பதாண்டு வாழ்ந்த கிளை, கட்டடத்தின் குத்தகை முடிந்து, 2009-இல் சர்ச் தெருவுக்கு இடம் பெயர நேர்ந்தது. ஆயினும் ஸ்தாபனம் அழியவில்லை என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

இரண்டாவது அத்தியாயம் 1996-இல் தொடங்குகிறது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, தோட்டக்காரர் தம் விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைத்துவிட்டு, போர்டு விற்றுத் தரும் பணத்துக்குத் தவணை தவணையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1990-களின் தாராளமயக் கொள்கையில் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முற்றிலும் நீங்கியது. இடையில் 1994-இல் பிரேசிலில் விழுந்த உறைபனியால் உலக விலை ஏறவே, சுயமாக விற்கும் உரிமை பெற்றவர்களுக்கு நல்ல லாபம் கிடைத்தது. சிக்மகளூர்த் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, காப்பி ஏற்றுமதியில் முன்னணிக்கு வந்த வி. ஜி. சித்தார்த்தா, 1996-இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் கஃபே காபி டேயின் முதல் கடையைத் திறந்தார். நான்காண்டுகளில் டில்லியில் பரிஸ்டா தோன்றியது. 2012-இல் டாடா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் பம்பாய்க்கு வந்தது. பையன்களும் பெண்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவதற்கு ஊரில் வேறு இடமில்லாத அந்தக் காலத்தில், இக்கடைகள் விற்றது உண்மையில் இடத்தையும் நேரத்தையுமே. காப்பி அதற்கான அனுமதிச் சீட்டாக இருந்தது.

இந்த வியாபாரத்தின் கணக்கை நிதானமாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். நல்ல காப்பித் தூளைக் கிலோ 800 ரூபாய்க்கு வாங்குவதாகவே வைத்துக்கொள்வோம்; ஒரு கோப்பைக்குப் பத்துக் கிராம் தூள் போட்டால் அதன் கிரயம் எட்டு ரூபாய். பாலும் சர்க்கரையும் சேர்த்தாலும் இருபது ரூபாயைத் தாண்டுவது கடினம். அந்தக் கோப்பையை 200 ரூபாய்க்கு விற்கும் கடைக்கு மீதியெல்லாம் லாபமென்று நினைப்பது தவறு. பெரிய சாலையில் இடத்துக்கு வாடகை, குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம், சிப்பந்திகளின் சம்பளம், கடை அமைக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஆகிய நான்கும், வாடிக்கைக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும் செலவுகள். ஒரு கோப்பையோடு இரண்டு மணி நேரம் உட்காருகிறவர் எத்தனைதான் நல்லவரானாலும், அவர் அமர்ந்திருக்கும் நாற்காலி அந்த இரண்டு மணியும் வேறு வருமானம் தருவதில்லை. ஆகவே கொட்டையின் விலை ஏறுவதாலோ இறங்குவதாலோ இத்தகைய கடைகள் வாழ்வதும் வீழ்வதும் இல்லை. வாடகையும் வட்டியுமே அவற்றின் ஆயுளை நிர்ணயிக்கின்றன.

2015-இல் பொதுமக்களுக்குப் பங்கு விற்று 1,150 கோடி ரூபாய் திரட்டிய சித்தார்த்தாவின் தொழிற்குழுமம், நான்காண்டுகளில் பல்லாயிரம் கோடி ரூபாய்க் கடனில் நின்றது. 2019 ஜூலை இறுதியில் மங்களூருக்கு அருகே நேத்ராவதி ஆற்றில் அவர் உயிர் நீத்த செய்தி, காப்பியோடு சம்பந்தமுள்ள ஒவ்வொரு வீட்டிலும் துயரத்தை உண்டாக்கியது. அடுத்த வருஷம் பெருந்தொற்று வந்து ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, கூடியிருக்கும் இடமே தொழிலின் மூலதனமாக இருந்த கடைகள் முதல் அடியை ஏற்றன. அவ்வருஷ இறுதியில் பொறுப்பேற்ற அவருடைய மனைவி மாளவிகா ஹெக்டே, சொத்துக்களை விற்றும் நஷ்டக் கடைகளை மூடியும் கடனின் பெரும் பகுதியைக் குறைத்த மனவுறுதி போற்றுதற்குரியது. இதில் ஒரு முக்கியமான உண்மை அடங்கியிருக்கிறது: கடைகள் சுருங்கிய அதே காலத்தில், அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அந்த நிறுவனம் வைத்திருந்த காப்பி இயந்திரங்கள் பல்லாயிரக் கணக்கில் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஜனங்கள் காப்பியைக் கைவிடவில்லை. அதற்காகத் தனியாக ஓர் இடம் தேடிப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

மக்களின் செலவு எங்கே போகிறது என்பதற்கு அரசாங்கத்தின் குடும்பச் செலவு ஆய்வே சாட்சி. 1999-2000-இல் கிராமத்துக் குடும்பம் தன் மாதச் செலவில் நூற்றுக்கு 59 பங்கை உணவுக்குக் கொடுத்தது. 2022-23-இல் அது 46 ஆகக் குறைந்தது. நகரத்தில் 48 பங்கு 39 ஆயிற்று. ஆனால் அந்த உணவுச் செலவுக்குள், அரிசி பருப்பையும் பாலையும் காய்கறியையும் விஞ்சி முதலிடத்துக்கு வந்திருப்பது பானங்களும் சிற்றுண்டியும் தயாரித்த உணவும் அடங்கிய இனமே: கிராமத்தில் மொத்தச் செலவில் 9.6 சதவீதம், நகரத்தில் 10.6 சதவீதம். 2022-23-இல் கேரளத்தின் கிராமங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு 5,924 ரூபாயாக இருந்தது. தேச சராசரியோ 3,773 ரூபாய். ஆகவே வெளியில் உண்பதும் குடிப்பதும் குறைந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. அவை மிகுந்திருக்கின்றன, ஆனால் பல வாசல்களுக்குப் பிரிந்து போய்விட்டன.

எல்லைப்புறத்தில் இதை நேரிலேயே காணலாம். விடியுமுன் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகளில் ஏறிச் செல்லும் பெண்கள், மடியில் தூக்குவாளியோடு, மலைவாயிலில் வண்டி நிற்கும் சில நிமிஷங்களுக்குள் கண்ணாடி டம்ளரில் கடுங்காப்பியோ டீயோ குடித்துவிட்டுப் புறப்படுகிறார்கள்; அந்தக் கடைக்குச் சுவர்கூட முழுசாக இருப்பதில்லை, அதனால் அதற்கு வாடகைச் சுமையும் இல்லை. கட்டப்பனையிலும் பாலக்காட்டு டவுனிலும், பத்தாண்டுகளுக்கு முன்னர் பெரிய கஃபே ஒன்றைக் கனவு கண்ட மாணவர்கள், இன்று அதே ரூபாயைக் கூட்டாகப் போட்டுக் குழிமந்தி சாப்பிடுகிறார்கள். பேக்கரியோடு ஒட்டிய கூல்பாரில் ஷேக் குடிக்கிறார்கள். பேச்சின் பெரும் பகுதி கைபேசியிலேயே நடந்துவிடுகிறது. கல்பாத்தி அக்கிரகாரத்திலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழ்க் குடும்பங்களிலும் பித்தளை பில்டரில் இரவே டிகாக்‌ஷன் போட்டு வைக்கும் சம்பிரதாயம் நீடிக்கிறது. இத்தகைய பிரதேசத்தில், உள்ளூர்ப் பழக்கத்தை மதியாமல் ஒரே அச்சில் வார்த்த கடைகள் ஊன்றி நிற்பது கடினம் என்பதற்கு அயல்நாட்டு உதாரணமும் உண்டு: இத்தாலியரும் கிரேக்கரும் குடியேறி அருமையான சிறு காப்பிக் கடைகளை முன்பே வளர்த்திருந்த ஆஸ்திரேலியாவில், ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2008-இல் தன் 84 கடைகளில் 61-ஐ மூடிவிட்டது.

இனி விளைவிக்கிறவரின் பக்கத்துக்கு வருவோம். நெல்லியாம்பதியின் தோட்டங்களிலும், வண்டிப்பெரியாறு, அடிமாலி, நெடுங்கண்டம் பக்கத்துச் சிறு நிலங்களிலும், மாசி பங்குனியில் பெய்யும் பூ மழைக்குக் காத்திருந்து, பின்பு பழத்தைப் பறித்து, களத்தில் பரப்பி, தோலோடு கறுத்து உலரும்வரை துழாவி, உருண்டைக் காப்பியாகவே வியாபாரியிடம் கொடுத்துவிடும் குடியானவர்கள் ஏராளம். வியட்நாமில் வறட்சி வந்து, பிரேசிலிலும் மழை பொய்த்ததால் ஏறிய விலையின் ஒரு பகுதி அவர்கள் கைக்கும் வந்தது. 2024-25-இல் இந்தியாவின் காப்பி ஏற்றுமதி 180 கோடி டாலரை எட்டியதும் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இதே ரொபஸ்டா, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் டன்னுக்கு 500 டாலருக்கும் கீழே விழுந்து, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல், பலர் செடியைப் பராமரிக்காமல் விட்ட காலத்தையும் மறக்கலாகாது. நம் விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலேறுகிறது. அங்கே விலை விழுந்தால் இங்கே தாங்கிப் பிடிக்கப் போதுமான குடிப்பவர்கள் நம்மிடையே இல்லை. 1935-இல் அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் கண்ட குறையும் இதுவேதான்.

ஆதலால் காப்பிக் கடைகள் மூடப்படுவதைப் பட்டணத்து இளைஞர்களின் பொழுதுபோக்குக்கு வந்த நஷ்டமாக மட்டும் கருதுவது பிழை. உள்நாட்டில் காப்பி குடிக்கும் பழக்கமே மலைக் குடியானவருக்கு வாய்த்த காப்பீடு. அதை வளர்க்கும் கடைகள் பெருகுவதும் நிலைப்பதும் அவருக்கு ஜீவாதாரமான காரியம். கடன் வாங்கி மாளிகை எழுப்பும் முறை அதைச் சாதிக்கவில்லை என்பதைக் கண்டுவிட்டோம். உழைக்கிறவர்களே உடைமையாளராகி, அளவான விலையில் நல்ல பண்டத்தைத் தரும் முறை ஆறு தசாப்தங்களுக்கு மேல் நின்றிருப்பதையும் கண்டுவிட்டோம். கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் உணவகங்களை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். விளைவிக்கிறவர்களின் சங்கங்கள் அவர்களோடு கைகோத்து, இடுக்கியில் விளைந்த கொட்டையை இடுக்கியிலேயே வறுத்து அரைத்து, தேக்கடிக்கும் மூணாறுக்கும் வரும் பிரயாணிகளுக்கும், எல்லை கடந்து வேலைக்கு வரும் கூலிக்காரப் பெண்களுக்கும் ஒரே தரத்தில், அவரவர் சக்திக்கேற்ற விலையில் கொடுக்க முடியும். சிக்கரி நூற்றுக்கு 49 பங்குவரை சட்டப்படி கலக்கலாம் என்றாலும், விலை ஏறியதைக் காரணம் காட்டி அதை மேன்மேலும் சேர்க்காமல் கோப்பையின் யோக்கியதையைக் காப்பது அத்தகைய கடைகளின் முதல் தர்மமாக இருக்க வேண்டும். விலை நன்றாக இருக்கும் இந்தச் சில வருஷங்களே அதற்கு மூலதனம் சேர்க்கத் தகுந்த காலம். அடுத்த சரிவு வந்த பிறகு தொடங்க நினைத்தால், களத்தில் காய்வது கடனுக்கே போய்ச் சேரும்.